சொல்லிவிட்டுத் தூக்குங்கள், டீச்சர்

திருப்பூருக்கும் அவிநாசிக்கும் இடையே உள்ள ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையின் குழந்தைகள் காப்பகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பட்டயப் படிப்பை முடித்திருந்தேன். ஆனால் அங்கே ஆள் தேவைப்பட்டது இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களின் அறைக்கு. எந்த வயதானால் என்ன, குழந்தைகள்தானே என்று ஒப்புக்கொண்டேன். முதல் நாள் எட்டு மணிக்கெல்லாம் போய், உயிரெழுத்து அட்டை, பழங்களின் படம், வண்ண மணிச்சட்டம் எல்லாவற்றையும் சுவரில் என் கண்மட்டத்துக்கு மாட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று அழகு பார்த்தேன். ஒன்பது மணிக்குள் 14 குழந்தைகள் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஐந்து பேர் அழுதுகொண்டிருந்தார்கள், இருவர் ஈரத்தில் கிடந்தார்கள், ஒருத்தி வாசலுக்குத் தவழ்ந்துபோய் என் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். சுவரை ஒருவரும் பார்க்கவில்லை.

அழுதவர்களில் எட்டு மாதக் குழந்தை ஒன்று எனக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தது. ஓடிப்போய்ப் பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். அழுகை வீறிடலாக மாறிவிட்டது. அந்த அறையின் மூத்த ஆயாவை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இன்னொரு குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் சொன்னார்: "பொறகாலிருந்து தூக்காதீங்க டீச்சர். முன்னாடி வந்து மூஞ்சியக் காட்டுங்க. சொல்லீட்டுத் தூக்குங்க. உங்களைய யாராச்சும் அப்படித் தூக்குனா சும்மா இருப்பீங்களா?"

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. படித்து வந்தவளுக்கு ஆயா பாடம் எடுப்பதா என்ற எண்ணம் இருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் ஒரு வாரம் அவர் துணி மாற்றுவதை அருகில் இருந்து பார்த்த பிறகு, நான் சுவரில் மாட்டியிருந்த பாடம் அவர் கையில் நடந்துகொண்டிருந்தது எனக்குப் புரிந்தது. குழந்தையைப் பலகையில் படுக்கவைத்ததும் அவர் முதலில் அதன் முகத்துக்கு நேராகக் குனிவார். "சாமி, துணிய மாத்தலாமா? காலத் தூக்குங்க" என்பார். சொல்லிவிட்டுக் காத்திருப்பார். இரண்டு, மூன்று நொடிகள்தான், ஆனால் அந்த அறையின் இரைச்சலில் அது நீண்ட நேரம். ஏழு மாதக் குழந்தை ஒன்று அந்த இடைவெளியில் மெல்ல இடுப்பை எக்கிக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு ஈரத்துணியால் முன்னிருந்து பின்னாகத் துடைப்பார். பெண் குழந்தைகளுக்கு இந்தத் திசை தவறவே கூடாது, தவறினால் சிறுநீர்த் தொற்று வரலாம். துடைக்கும்போதே கால், முட்டி, தொப்புள் என்று தொட்ட இடத்தின் பெயர் அவர் வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கும். முடித்ததும் குழந்தையின் கையையும் தன் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்தவரிடம் போவார்.

கணக்குப் பார்த்தால், ஒரு கைக்குழந்தைக்கு எங்கள் வேலை நேரத்துக்குள் நான்கைந்து முறை துணி மாற்றுகிறோம், மூன்று நான்கு முறை ஊட்டுகிறோம், இரண்டு முறை தூங்கவைக்கிறோம். ஒரு பெரியவரின் முகம் அந்தக் குழந்தைக்கு மட்டும் உரியதாகக் கிடைக்கும் நேரம் இவ்வளவே. இதை அவசர அவசரமாக முடித்துவிட்டு அதன்பின் "கற்பித்தல்" என்று தனியாக ஒன்றைத் தொடங்குவது, சோற்றைக் கொட்டிவிட்டு இலையைப் பரிமாறுவதற்குச் சமம். பின்னாளில் கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி வகுப்பில், எம்மி பிக்ளர் என்ற ஹங்கேரிய மருத்துவர் 1946இல் புடாபெஸ்டில் தாயற்ற குழந்தைகளுக்காகத் தொடங்கிய இல்லத்தைப் பற்றிச் சொன்னார்கள். அங்கே பணிப்பெண்கள் குழந்தையைத் தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடவும், குழந்தையின் பதிலுக்குக் காத்திருக்கவும், ஒவ்வொரு குழந்தைக்கும் கூடியவரை ஒரே கை வாய்க்கும்படி பார்த்துக்கொள்ளவும் பழக்கப்படுத்தப்பட்டார்களாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பெரியக்காவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவர் அந்தப் பெயரை வாழ்நாளில் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

சுவர் அட்டைகளைக் கழற்றி மூன்று வயது அறைக்கு அனுப்பினேன். அந்த இடத்தில் உடையாத கண்ணாடி ஒன்றைத் தரையோடு ஒட்டிப் பொருத்தினோம். விளையாட்டுச் சாமானாக எவர்சில்வர் டம்ளர், வடிதட்டு, மரக்கரண்டி, மூடியோடு கூடிய டப்பாக்கள், கடைசல் மர வளையங்கள் போன்றவை போதும். நிர்வாகம் ஒருமுறை ஆசையாக நான்கு சக்கர வாக்கர்கள் வாங்கித் தந்தது, அதாவது குழந்தையை உட்காரவைத்து உருளவிடும் வண்டிகள். அவை நடையைத் தாமதப்படுத்துமே ஒழிய விரைவுபடுத்தாது, கவிழ்ந்து தலையில் அடிபடவும் வழியுண்டு. கனடா 2004இலேயே அவற்றின் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. அவற்றைப் பரணில் ஏற்றிவிட்டு, தானாக எழுந்து நின்ற குழந்தை பிடித்துத் தள்ளிக்கொண்டு போகும் நம் ஊர் மர நடைவண்டி இரண்டை வாங்கிக்கொண்டோம். தானாக உட்காராத குழந்தையைத் தலையணை முட்டுக் கொடுத்து உட்காரவைப்பதையும் நிறுத்தினோம். பாயில் மல்லாந்து கிடக்கும் குழந்தை புரள்கிறது, குப்புற விழுகிறது, ஊர்கிறது, பிறகு ஒருநாள் தானே உட்காருகிறது. அந்த வரிசையை யாரும் அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு சொன்னது. எங்கள் காப்பகமே அப்படி வந்ததுதான். 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டபோது, விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானதோடு, தாய் ஒரு நாளில் நான்கு முறை காப்பகத்துக்கு வந்து போகலாம் என்பதும் சேர்ந்தது. சட்டத்தில் இருப்பது வேறு, தையல் லைனில் நடப்பது வேறு. ஒருத்தி எழுந்து வந்தால் அவளுடைய மெஷினில் வேலை தேங்கும், சூப்பர்வைசரின் முகம் மாறும். இதனால் பல தாய்மார்கள் நான்கு முறையை இரண்டாகக் குறைத்துக்கொண்டார்கள். நான் கற்ற நடைமுறை ஒன்று உண்டு: தாய் வரும் நேரத்தைச் சீட்டில் எழுதி லைன் சூப்பர்வைசரிடமே கொடுத்துவிடுவது. "குழந்தை அழுகிறது" என்று ஆள் விட்டுக் கூப்பிட்டால் தொல்லையாகத் தெரிகிறது; "10.45, பால்" என்று அட்டவணையில் இருந்தால் டீ இடைவேளையைப் போல அதுவும் ஒரு நேரமாகிவிடுகிறது.

வர முடியாதவர்கள் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போவார்கள். அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம், குளிர்பெட்டியில் நான்கு நாள் என்பது பொதுவான வரையறை. சித்திரை வெயிலில் அறை வெப்பத்தை நம்பாமல், வாங்கிய கையோடு பெயரும் நேரமும் எழுதிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவோம். சூடாக்க வேண்டுமானால் பாத்திரத்தை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்குவோம், அடுப்பில் ஏற்றுவதில்லை. புட்டி கிடையாது, பாலாடைதான், அதாவது மூக்கு வைத்த சிறு கிண்ணம். மடியில் தலையைச் சற்று உயர்த்தி வைத்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, குழந்தை உறிஞ்ச உறிஞ்சச் சாய்த்தால் போதும். ஊற்றக் கூடாது. நேரம் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் புட்டியைத் துணிச்சுருளில் முட்டுக் கொடுத்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கும் வழி அதில் கிடையாது என்பதே எனக்கு அதில் பிடித்தது.

சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒடிசாவிலிருந்து வந்த தம்பதியின் ஒன்பது மாதப் பையன் வந்தான். முதல் நாள், அவன் கிலுகிலுப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "கண்ணு மறைவுல போயிரு" என்று அவன் அம்மாவை அனுப்பிவைத்தவள் நான்தான். நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லும் யோசனை அது, எல்லோரும் செய்வது. திரும்பிப் பார்த்தவன் அம்மாவைக் காணாமல் தொடங்கிய அழுகை, அந்த வாரம் முழுவதும் ஓயவில்லை. அதைவிட மோசம், அழாத நேரத்திலும் அவன் விளையாடவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தான், யாராவது எழுந்தால் பதறினான். எந்த நொடியிலும் ஆள் மறைந்துவிடலாம் என்பதைத்தான் நான் அவனுக்கு முதல் பாடமாகக் கற்றுக்கொடுத்திருந்தேன். எட்டு ஒன்பது மாதத்தில் வேற்றுமுகம் தெரிந்து அழுவது செல்லம் கொடுத்துக் கெட்டுப்போனதன் அடையாளமல்ல, தன் ஆள் யார் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டதன் அடையாளம். அந்த வயதில் புதிதாகச் சேர்க்க நேர்ந்தால் மற்ற வயதைவிட இரட்டிப்புப் பொறுமை வேண்டும்.

அந்தத் தாய் மூன்று நாள் அறையில் உட்கார அனுமதி கேட்டேன். உற்பத்தி இலக்கைக் காட்டி மறுத்துவிட்டார்கள். பிறகு, ஷிப்டுக்கு அரை மணி நேரம் முன்னதாக அவர் வந்து பாயில் உட்காருவது என்று நாங்களே ஏற்பாடு செய்துகொண்டோம். பெரியக்கா முதல் இரண்டு நாள் அவனைத் தொடவேயில்லை. தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தாயோடுதான் பேசினார். ஒருவருக்குத் தமிழ் தெரியாது, மற்றவருக்கு ஒடியா தெரியாது, இருந்தாலும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். அம்மா சிரித்துப் பேசும் ஆள் ஆபத்தில்லாத ஆள் என்று பிள்ளை முடிவுகட்டுவதற்கு அது போதும். மூன்றாம் நாள் முதல், கிளம்பும்போது தாயே தன் கையால் அவனைப் பெரியக்காவின் கையில் கொடுத்து, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று வைத்தோம். ஆயா தாயின் இடுப்பிலிருந்து பிள்ளையைப் பிடுங்குவதற்கும், தாயே கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு பிள்ளைக்குத் தெரிகிறது. அழுதான், அழத்தான் செய்வான். ஆனால் அம்மா உடுத்திக் களைந்த துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, பெரியக்காவின் தோளில் சாய்ந்து அழுதான். பத்து நாளில் அந்த அழுகை வாசற்படியோடு நின்றுவிட்டது. அவனுக்கு ஊட்ட, மாற்ற, தூங்கவைக்க பெரியக்கா மட்டுமே என்று பிரித்துக்கொண்டோம். அவர் விடுப்பில் இருந்தால் நான். மூன்றாவது கை இல்லை.

கொஞ்ச நாளில் அவன் டம்ளரைக் காட்டி "பாணி" என்றான். பாணி, பாட்டு, நாணி என்று ஏதோ மழலை என நினைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தோம். ஒடியாவில் பாணி என்றால் தண்ணீர் என்று அவன் அம்மா வந்து சொன்ன பிறகுதான், அவன் இரண்டு நாளாகத் தாகத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது உறைத்தது. அன்றிலிருந்து சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில், தண்ணீர், பால், சோறு, தூக்கம், வலி, அம்மா ஆகியவற்றுக்கு வீட்டில் வழங்கும் சொற்களைத் தமிழ் எழுத்தில் கேட்டு எழுதிக்கொள்கிறோம். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இது வேண்டும். ஒரு வீட்டில் "மம்மம்", ஒரு வீட்டில் "சோச்சி", ஒரு வீட்டில் "பாப்பு". வடக்கத்திப் பிள்ளைகள் தமிழ் கற்க வேண்டும் என்று யாரும் வகுப்பெடுக்கவில்லை. எங்கள் ஆயாக்கள் எதையும் சொல்லிச் சொல்லிச் செய்பவர்களானதால் தானாக வந்தது. இரண்டு மொழி குழப்பும் என்று அஞ்சி, வீட்டில் தாய்மொழியில் பேசுவதை நிறுத்திய ஒரு தாயிடம், நிறுத்தாதீர்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

தொலைக்காட்சி ஒன்றும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரைச்சல் குறையும், ஆயாக்களுக்கு ஓய்வு கிடைக்கும் என்ற நல்ல எண்ணத்தில்தான் தந்தார்கள். இரைச்சல் குறைந்தது உண்மை. ஆயாக்களின் பேச்சும் சேர்ந்தே குறைந்தது. ஒரு வயது நிரம்பாதவர்களுக்கும் ஒரு வயதுக் குழந்தைகளுக்கும் திரை வேண்டாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலை அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். பெட்டி இப்போது ஆண்கள் சாப்பிடும் கூடத்தில் ஓடுகிறது.

நான் அதிகம் அஞ்சிய நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து மாதக் குழந்தை ஒன்றின் கையில் வசம்புத் துண்டும் கருமணியும் கோத்த வளையல் இருந்தது. பல் முளைக்கும் வயது, எந்நேரமும் கை வாயில்தான். நூல் நைந்து அறுந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. சத்தம் நின்றதை வைத்துத்தான் திரும்பிப் பார்த்தேன். மூச்சடைக்கும் குழந்தை கத்தாது, அதுதான் அதன் கொடுமை. இருமலும் இல்லை, அழுகையும் இல்லை, உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. குழந்தையை முன்கையின் மேல் குப்புறக் கிடத்தி, தலையை மார்பைவிடத் தாழ்த்தித் தாடையைத் தாங்கிக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு; வராவிட்டால் மல்லாத்தி மார்பின் நடுவில் ஐந்து அழுத்தம்; மறுபடி முதலிலிருந்து. ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான இந்த முறையைப் பயிற்சியில் பொம்மையை வைத்துச் செய்திருந்தேன். நான்காவது தட்டில் மணி தெறித்துத் தரையில் விழுந்தது. குழந்தை அழுதது. அதன்பிறகு நானும் அழுதேன். 108க்குத் தகவல் சொல்லி மருத்துவமனையில் காட்டி அனுப்பினோம்.

வளையலைக் கழற்றச் சொன்னால் தாய்மார்கள் வருந்துவார்கள். திருஷ்டி, மாந்தம் என்று ஆயிரம் பயத்துக்கு நடுவே கட்டியது அது. அவர்களிடம் மூடநம்பிக்கை என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை, அப்படிப் பேசினால் மறுநாள் சட்டைக்குள் மறைத்துக் கட்டி அனுப்புவார்கள். நாங்கள் பெயர் எழுதிய சிறு டப்பாக்கள் வைத்து, காலையில் வாங்கிப் பூட்டி, மாலையில் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். அரைஞாண் கயிறு மட்டும் இருக்கலாம், ஆனால் அதில் மணியோ தாயத்தோ கூடாது. விரலை விட்டு வாய்க்குள் துழாவக் கூடாது, கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுக்கலாம் என்பதைப் பெற்றோருக்கும் செய்துகாட்டுகிறோம். முழு வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் அறைக்குள் வருவதில்லை. திராட்சையை நீளவாக்கில் கீறித்தான் தருவோம். ஒரு வயதுக்குள் தேன் கிடையாது.

தூக்கத்துக்கு எங்கள் பெரிய எதிரி தூளிதான். நான் அதில் வளர்ந்தவள், அதன் சுகம் எனக்குத் தெரியும். ஆனால் 14 குழந்தைகளுக்குத் தூளி கட்டினால், உள்ளே முகம் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க ஆள் இல்லை. கெட்டியான சமதளப் படுக்கை, மல்லாந்த நிலை, கடுகுத் தலையணை உள்பட எந்தத் தலையணையும் இல்லை, முகத்தருகே துணி இல்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சைப் பார்த்துக் குறிப்பேட்டில் ஒரு கோடு என்பவை எங்கள் விதிகள். முன்பு சொன்ன துப்பட்டாவைக்கூடத் தூங்கும்போது எடுத்துவிடுவோம். தூளிக்குப் பழகிய பிள்ளை பாயில் கிடத்தினால் வில்லாக வளையும். முதல் சில நாள் மடியில் கண் செருகும்வரை அசைத்துவிட்டு, முழுதாகத் தூங்குவதற்கு முன் பாயில் கிடத்தி, அதே வேகத்தில் நெஞ்சில் தட்டிக்கொடுப்போம். ஆட்டத்தின் இடத்தைத் தட்டிக்கொடுத்தல் பிடித்துக்கொள்ள ஒன்றிரண்டு வாரமாகும்.

கடிக்கும் குழந்தையைப் பற்றிக் கேட்காத காப்பகம் இல்லை. ஒன்றரை வயதுப் பையன் ஒருவன் ஒரே வாரத்தில் ஐந்து முறை கடித்தான். கடிபட்ட பெண்ணின் தகப்பனார் அவன் யாரென்று சொல்லச் சொல்லிக் கத்தினார். சொல்லவில்லை. யார் என்று சொன்னால் சண்டை தறிகெட்டு லைனுக்குப் போகும், பிள்ளைக்கும் பெயர் நிலைத்துவிடும். "பல்லப் புடுங்கிருவேன்" என்று மிரட்டுவதும் திருப்பிக் கடித்துக் காட்டுவதும் வேண்டாம் என்று அறைக்குள் சொல்லிவிட்டு, ஒரு பழைய டைரியில் நேரம், இடம், பக்கத்தில் யார், கையில் என்ன என்று மட்டும் எழுதினேன். ஐந்தில் நான்கு கடி பதினொன்றேகாலுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே, எல்லாமே அந்த ஒற்றைச் சிவப்பு டப்பாவின் அருகில். வீட்டில் அவன் காலை ஆறரைக்கே சாப்பிட்டுவிடுகிறான் என்பது விசாரித்தபோது தெரிந்தது. சாப்பாட்டை அவனுக்கு மட்டும் பதினொன்றுக்கு வைத்தோம், அதே மாதிரிச் சிவப்பு டப்பா இன்னும் இரண்டு வாங்கினோம், வாய் திறக்கும் நொடியில் குறுக்கே கையை நீட்டி "வேணும்னு கேளு" என்று சொல்லவும் கையேந்திக் காட்டவும் பழக்கினோம். அடுத்த மாதத்தில் ஒரு கடிதான், அதுவும் என்னை.

தீராத தொல்லை ஓ.டி.தான், அதாவது கூடுதல் நேர வேலை. மாலை ஐந்து மணிக்கு மேல்தான் லைனில் அறிவிப்பார்கள். ஐந்தரைக்கு மெஷின் ஓசை அடங்கினால் அம்மா வருவாள் என்று ஒரு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். காதைத் தீட்டிக்கொண்டு வாசலுக்குத் தவழ்ந்துவிடும். ஓசை அடங்காத நாளில் அந்த முகங்களைப் பார்க்கச் சகிக்காது. காலை முதல் இருந்த கையும் வீட்டுக்குப் போக வேண்டும், அதற்கும் பிள்ளைகள் உண்டு. கேழ்வரகுக் கூழ் ஒரு பாத்திரம் எப்போதும் தயாராக வைத்திருப்பது, ஓ.டி. என்றால் தாய் ஐந்தரைக்கு ஐந்து நிமிடம் வந்து பிள்ளையிடம் நேரில் சொல்லிவிட்டுப் போவது என்ற இரண்டைத்தான் எங்களால் செய்ய முடிந்திருக்கிறது. கூடுதலாக ஓர் ஆள் கேட்டு எழுதிய கடிதங்களின் நகல்கள் என் கோப்பில் இருக்கின்றன. இத்தனை கைக்குழந்தைகளுக்கு இரண்டு பேர் என்பது, யார் எந்தக் கணக்குச் சொன்னாலும், போதாது. தீ பிடித்தால் ஒருத்தியால் எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்பதே என் கணக்கு.

எங்கள் அறையில் எழுதாத விதி ஒன்றும் உண்டு. பிள்ளை முதன்முதலில் நடந்தால் தாயிடம் சொல்வதில்லை. பத்து மணி நேரம் மெஷினில் குனிந்திருந்தவளுக்கு, நீ இல்லாதபோது நடந்துவிட்டான் என்ற செய்தி எதற்கு? "காலை நல்லா ஊன்றுகிறான், வீட்டில் கைபேசியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்வோம். இது பொய் என்று பயிற்சிக்கு வந்த ஒரு பெண் வாதாடினாள். இருக்கட்டும் என்றேன். ஒடிசாப் பையனின் அம்மா ஒரு திங்கட்கிழமை காலையில் செருப்பைக் கழற்றும் முன்பே, அதற்குள் கற்றிருந்த தமிழில், "அக்கா, நடந்துட்டான், நேத்து, நாலு அடி" என்று வாசலிலிருந்தே கூவினார். பெரியக்கா கையிலிருந்த பாலாடையைக் கீழே வைத்துவிட்டு, "அடேங்கப்பா! நெசமாவா கண்ணு? எங்க, எங்களுக்கும் நடந்து காட்டச் சொல்லு" என்று தரையில் உட்கார்ந்து கையை விரித்தார். முந்தின புதன்கிழமை அவன் அவரை நோக்கித்தான் நடந்து வந்திருந்தான்.